வாசகர் கேள்வி-பதில்: வாக்கு இயந்திரத்தை நம்புவதற்கு என்ன ஆதாரம்?

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பற்றி வந்த கடிதங்கள் மற்றக் கேள்விகளைப் பின்னுக்குத் தள்ளும் அளவுக்குச் சேர்ந்துவிட்டதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

நீலப் பொத்தானை அழுத்தினேன்; விளக்கு எரிந்தது; கண்ணாடிக்குள் சீட்டு தெரிந்து விழுந்தது; 'பீப்' ஒலியும் கேட்டது. இவ்வளவுக்குப் பிறகும், எண்ணப்பட்டது என் ஓட்டுதானா என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதிகாரிகள் சொல்கிறார்கள் என்பதற்காக நம்பத்தான் வேண்டுமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், திண்டிவனம்

நீங்கள் கண்ணால் பார்த்தது சீட்டை. வாக்கு எண்ணும் நாளில் மேசைமேல் படிக்கப்படுவதோ கட்டுப்பாட்டுக் கருவியின் திரையில் தெரியும் எண்ணை. இந்த இரண்டும் ஒன்றுதானா என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி.

சாவடிக்குள் மூன்று கருவிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். மறைப்புக்குள் நீங்கள் பொத்தானை அழுத்தும் வாக்களிப்புக் கருவி ஒன்று. அதன் பக்கத்திலேயே சீட்டு அச்சிடும் விவிபேட் ஒன்று. அலுவலரின் மேசையில் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று. அலுவலர் 'பேலட்' பொத்தானை அழுத்தி வழிவிட்ட பிறகு நீங்கள் வாக்களிக்கிறீர்கள். வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவை அச்சான சீட்டு ஏழு நொடி கண்ணாடிக்குப் பின்னால் நின்று, அறுபட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. வாக்கு கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவகத்தில் ஏறுகிறது.

சீட்டில் அச்சானதும் நினைவகத்தில் ஏறியதும் ஒன்றுதானா என்று நீங்கள் தனியாளாக அறிந்துகொள்ள வழியில்லை. அப்படி ஒரு வழி இருந்தால் அதைக் கொண்டு இன்னொருவரும் உங்கள் வாக்கைத் தெரிந்துகொள்வார். இரகசிய வாக்கு என்பதே போய்விடும். ஆகவே அந்தச் சோதனையை எல்லோர் முன்னிலையிலும் மொத்தமாகத்தான் செய்ய முடியும். இப்போதைய நடைமுறையில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும், மக்களவைத் தேர்தல் என்றால் அதில் அடங்கிய ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும், குலுக்கலில் எடுக்கப்படும் ஐந்து சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்பட்டு இயந்திரக் கணக்கோடு ஒப்பிடப்படுகின்றன. உங்கள் சாவடி அந்த ஐந்தில் ஒன்றாக இருந்தால் நீங்கள் பார்த்த சீட்டை யாரோ ஒருவர் கையில் எடுத்து எண்ணியிருப்பார். இல்லையென்றால் அது எண்ணப்படாமலே முத்திரையிட்ட உறைக்குள் இருந்துவிட்டுக் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்படும்.

தேர்தல் நடத்தை விதிகளின் 56டி விதிப்படி, எண்ணப்பட்ட சீட்டுக் கணக்கும் இயந்திரக் கணக்கும் வேறுபட்டால் சீட்டுக் கணக்குத்தான் செல்லும். சட்டம் காகிதத்துக்கு இவ்வளவு உயர்ந்த இடத்தைக் கொடுத்துவிட்டது. நடைமுறையில் அந்தக் காகிதத்தை யாரும் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

அதிகாரிகள் சொல்வதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. இயந்திரத்தில் மோசடி செய்து ஒரு தேர்தல் முடிவு மாற்றப்பட்டதாக எந்த நீதிமன்றமும் இதுவரை கண்டறியவில்லை; அப்படி நடந்ததாக நானும் கருதவில்லை. ஆனால், நடக்கவில்லை என்பதைத் தோற்றுப்போன வேட்பாளருக்கும் ஆதாரத்தோடு காட்ட வேண்டிய கடமை தேர்தலை நடத்துகிறவருடையது. சந்தேகப்படுகிறவர் முதலில் மோசடியை நிரூபிக்கட்டும் என்று அந்தக் கடமையைத் திருப்பிப் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இயந்திரத்தை ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றமே செல்லாது என்று சொன்னதாமே, உண்மையா?
— வாசகர், நாகர்கோவில்

உண்மை. அதுவும் உங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத இடத்தில் நடந்ததுதான். கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 1982 மே மாதத் தேர்தலின்போது 50 சாவடிகளில் முதன்முதலாக இந்த இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. வெற்றி வித்தியாசம் வெறும் 123 வாக்குகள். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் நீதிமன்றத்துக்குப் போனார். 1984 இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இடமில்லாத ஒரு முறையைத் தேர்தல் ஆணையம் தன் விருப்பப்படி கொண்டுவர முடியாது என்று சொல்லி, அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. மறுவாக்குப்பதிவில் முடிவு தலைகீழாகி ஜோஸ் வென்றார். இயந்திரம் பிழை செய்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, சட்ட அடிப்படை இல்லை என்றுதான் சொன்னது. அதன் பிறகுதான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இயந்திரத்தில் வாக்களிக்க இடம் தரும் 61ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

அதற்குப் பின்னும் அவசரம் காட்டவில்லை. 1998 இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், தில்லி ஆகிய மூன்றிலும் சேர்த்து 16 தொகுதிகள். 2001 இல் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கத்தின் எல்லாத் தொகுதிகளும். 2004 இல் மக்களவைத் தேர்தல் முழுவதும். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஐதராபாத்தின் இசிஐஎல் நிறுவனமும் இயந்திரத்தைத் தயாரிக்கின்றன. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இதை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர் எஸ். ரங்கராஜன், நம் வாசகர்களுக்கு எழுத்தாளர் சுஜாதாவாகத்தான் பழக்கம்.

இயந்திரம் இணையத்தோடு இணைக்கப்படவில்லை, ஆகவே யாரும் ஹேக் செய்ய முடியாது என்கிறார்கள். என் வகுப்பு நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.
— பொறியியல் மாணவி, கரூர்

வாதத்தின் முதல் பாதி சரி. வைஃபை, புளூடூத் எதுவும் இல்லாத, மின்கலத்தில் ஓடும் கருவி அது. எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டுச் சாவடி ஒன்றின் கணக்கை மாற்றலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளை நீங்கள் தாராளமாகத் தள்ளிவிடலாம்.

மறுபாதிதான் சிக்கல். 2010 இல் ஐதராபாத்தின் ஹரி பிரசாத், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரைப் ஆகியோர் அடங்கிய குழு, உண்மையான இந்திய இயந்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வழிகளைச் செய்து காட்டியது. எண்களைக் காட்டும் பலகையைக் கழற்றிவிட்டு, அதே தோற்றமுள்ள, கைப்பேசியிலிருந்து கட்டளை பெறக்கூடிய வேறொரு பலகையைப் பொருத்துவது ஒன்று. வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடைப்பட்ட நாட்களில் நினைவகச் சில்லின் மேல் சிறு கருவியைக் கவ்வவிட்டு, உள்ளே பதிவான வாக்குகளை மாற்றுவது இன்னொன்று. இரண்டுக்கும் இயந்திரம் கைக்கு எட்ட வேண்டும், அதைத் திறக்கவும் வேண்டும். அப்படியானால், இணையம் இல்லாததைவிட அதிகமான பாதுகாப்பு பூட்டிய அறையிலும், முத்திரையிலும், காவலிலும், எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்குப் போகும் என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்கும் இரண்டு கட்டக் கணினிக் குலுக்கலிலும் இருக்கிறது. தேர்தல் ஆணையமும் அன்றிலிருந்து தன் வாதத்தை இந்த நிர்வாக ஏற்பாடுகளின் மேல்தான் பெரும்பாலும் நிறுத்துகிறது. 2013க்குப் பிறகு வந்த எம்3 வகை இயந்திரம் திறக்க முயன்றால் செயலிழந்துவிடும் வகையில் செய்யப்பட்டிருப்பதாகவும் அது சொல்கிறது.

இன்னொன்றையும் உங்கள் நண்பர்கள் கேட்டிருக்கலாம். வேட்பாளர்களின் சின்னங்களை விவிபேட்டில் ஏற்றுவதற்குச் சின்னம் ஏற்றும் கருவி என்று ஒன்று இருக்கிறது. தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகு, அதன் வழியாகத் தகவல் உள்ளே போகிறது. வாக்களிப்புக் கருவிக்கு எந்தப் பொத்தான் எந்த வேட்பாளருடையது என்பது தெரியாது என்ற பழைய வாதம், விவிபேட் வந்த பிறகு முன்போல முழுமையாகப் பொருந்தாது. மோசடிக்கு ஆதாரமாக இதைச் சொல்லவில்லை. சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. 2024 ஏப்ரல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தக் கருவிகளையும் முத்திரையிட்டு, முடிவு அறிவித்த பிறகு 45 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

2010 ஆராய்ச்சிக்கு அரசு காட்டிய எதிர்வினையையும் சொல்லத்தான் வேண்டும். இயந்திரத்தைக் கொடுத்தவர் யார் என்று கேட்டு ஹரி பிரசாத் அந்த ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். அரசுக் கிடங்கிலிருந்து ஒரு இயந்திரம் வெளியே போனது குற்றம்தான். ஆனால் அது வெளியே போக முடிந்தது என்பதே ஆராய்ச்சியாளர்கள் சொன்னதற்கு ஒரு சான்று அல்லவா! ஏழு ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 3 அன்று, முடிந்தால் செய்து காட்டுங்கள் என்று ஆணையம் கட்சிகளை அழைத்தது. வந்தவை தேசியவாத காங்கிரஸ், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் ஆகிய இரண்டு கட்சிகள். அவையும் இயந்திரத்தில் கை வைக்க முயலவில்லை. உட்பாகங்களை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுத்த அந்தச் சவாலால் எது நிரூபணமாகியிருக்கும் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தொகுதிக்கு ஐந்து சாவடி என்ற கணக்கு போதுமா? எந்த அடிப்படையில் வந்தது?
— புள்ளியியல் மாணவர், சிதம்பரம்

உங்கள் பாடத்திலேயே விடை இருக்கிறது. ஆனாலும் எல்லா வாசகர்களுக்கும் தெரிய வேண்டியது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

சீட்டு முறையே நீதிமன்றத்தின் வழியாக வந்ததுதான். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் விவிபேட் முதலில் வந்தது. அடுத்த மாதம் 8 ஆம் தேதி, தமிழ்நாட்டைச் சேர்ந்த தலைமை நீதிபதி ப. சதாசிவமும் நீதிபதி ரஞ்சன் கோகோயும், நேர்மையான தேர்தலுக்குக் காகிதத் தடம் இன்றியமையாதது என்று சொல்லிப் படிப்படியாக நாடு முழுவதும் கொண்டுவர உத்தரவிட்டார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் வந்துவிட்டது. ஆனால் எண்ணிக்கை என்று வந்தபோது ஆணையம் சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடி போதும் என்றது. பாதிச் சாவடிகளில் எண்ண வேண்டும் என்று 21 எதிர்க்கட்சிகள் கேட்டன. 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்றை ஐந்தாக்கியது.

ஒன்று போதும் என்பதற்கு ஆணையம் காட்டிய ஆதாரம், இந்தியப் புள்ளியியல் நிறுவன வல்லுநர் இடம்பெற்ற குழுவின் அறிக்கை. நாடு முழுவதும் உள்ள சுமார் பத்து லட்சம் இயந்திரங்களில் 479 இயந்திரங்களைக் குலுக்கலில் எடுத்துச் சோதித்து எதிலும் வேறுபாடு இல்லையென்றால், பழுதான இயந்திரங்கள் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்று ஏறத்தாழ முழு உறுதியோடு சொல்லலாம் என்பது அதன் முடிவு. கணக்கில் தவறில்லை, கால்குலேட்டரில் நீங்களே சரிபார்க்கலாம். கேட்ட கேள்விதான் தவறு. நாடு முழுவதையும் ஒரே குவியலாக வைத்து அதில் பழுது எவ்வளவு என்று பார்ப்பது இயந்திரத் தயாரிப்பாளருக்குப் பயன்படும். தேர்தல் முடிவோ தொகுதிக்குத் தொகுதி தனித்தனியாக அறிவிக்கப்படுகிறது.

ஒரு சட்டமன்றத் தொகுதியில் 300 சாவடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 3 சாவடிகளில் இயந்திரக் கணக்கு சீட்டோடு பொருந்தவில்லை என்றால், குலுக்கலில் எடுக்கும் ஐந்தில் அந்த மூன்றில் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். பத்துச் சாவடிகள் என்றால் ஏறத்தாழ 16. முப்பது சாவடிகள், அதாவது பத்தில் ஒன்று பழுது என்ற படுமோசமான நிலையிலும் 41தான்; சோதனை அதைத் தவறவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐஏஎஸ் அதிகாரி கே. அசோக் வர்தன் ஷெட்டி, தொகுதியைத் தனி அலகாகக் கொண்டு சோதனை அளவை முடிவு செய்ய வேண்டும் என்று 2018 இலிருந்தே எழுதிவருகிறார். ஆணையத்திடமிருந்து இதற்குக் கணக்கோடு கூடிய மறுப்பு எதையும் நான் படித்ததில்லை.

எல்லாச் சீட்டுகளையும் எல்லா இடத்திலும் எண்ணுவதுதான் வழி என்றும் நான் சொல்ல மாட்டேன். 2024 இல் திருவள்ளூரில் வெற்றி வித்தியாசம் 5.72 லட்சம்; விருதுநகரில் 4,379; மும்பை வடமேற்கில் 48. இந்த மூன்று தொகுதிகளுக்கும் ஒரே அளவுச் சோதனை என்பது என்ன நியாயம்? திருவள்ளூர் முடிவை மாற்ற நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் கெட்டிருக்க வேண்டும். அது சிறிய சோதனையிலேயே தெரிந்துவிடும். மும்பை வடமேற்குக்கு ஒரே ஒரு இயந்திரம் போதும். அங்கே முழுவதையும் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. வித்தியாசம் குறையக் குறையச் சோதனை பெருக வேண்டும் என்ற இந்த முறையை அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 இலிருந்து சட்டப்படி மாநிலம் முழுவதும் பின்பற்றுகிறது.

பாதிச் சாவடிகளை எண்ணினால் முடிவு ஐந்து ஆறு நாள் தள்ளிப்போகும் என்று ஆணையம் 2019 இல் சொன்னது. 2024 இல் தமிழ்நாடு வாக்களித்தது ஏப்ரல் 19. முடிவு வந்தது ஜூன் 4. இடையில் 46 நாட்கள் பொறுமையாக இருந்தவர்களுக்கு இன்னும் இரண்டொரு நாள் பெரிய சுமையாக இருக்காது.

பழையபடி வாக்குச்சீட்டுக்கே போய்விட்டால் என்ன? எங்கள் தொகுதியில் 1996 இல் வாக்குச்சீட்டையே புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார்கள். அதையும் சமாளித்தோமே!
— விவசாயி, மொடக்குறிச்சி

சமாளித்தது உண்மைதான், 1,033 வேட்பாளர்கள் நின்ற தேர்தல் அது. ஆனால் அந்தத் தேர்தலை மறுபடி நடத்திப் பார்க்க ஈரோடு மாவட்ட அலுவலர் யாரும் ஆசைப்பட மாட்டார். 2019 இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றபோது ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்களிப்புக் கருவிகளை வரிசையாக வைத்து இயந்திரத்திலேயே தேர்தலை முடித்தார்கள்.

வாக்குச்சீட்டுக் காலத்தை ஏக்கத்தோடு நினைப்பவர்கள், சாவடியைப் பிடித்துக்கொண்டு கட்டுக் கட்டாக முத்திரை குத்திப் பெட்டியை நிரப்பிய காலமும் அதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். இயந்திரத்தில் ஒரு நிமிடத்துக்கு நான்கு வாக்குக்கு மேல் பதிவாகாது. சாவடியைக் கைப்பற்றினாலும் கும்பலுக்கு நேரம் பிடிக்கும், அதற்குள் காவல்துறை வந்துவிடும். இரண்டு சின்னங்களுக்கு நடுவில் முத்திரை விழுந்து ஏழை எளியவரின் வாக்கு செல்லாமல் போவதும் நின்றது. காகிதமும் வேண்டும், இயந்திரமும் வேண்டும் என்பதே என் நிலை. சீட்டு இப்போதே அச்சாகிவிடுகிறது, செலவும் ஆகிவிட்டது. அதை எண்ணுவதுதான் பாக்கி.

ஜெர்மனி தடை செய்துவிட்டதே, அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாதா?
— வாசகர், கோயம்புத்தூர்

தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை. 2005 தேர்தலில் அவர்கள் பயன்படுத்தியது காகிதத் தடமே இல்லாத, நெடாப் நிறுவனத்தின் இயந்திரங்கள். 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம், தேர்தலின் முக்கியமான படிகளையும் முடிவையும் சிறப்பு அறிவு எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லி அந்த முறை செல்லாது என்றது. மோசடி நடந்ததாக அது சொல்லவே இல்லை. இயந்திர வாக்குப்பதிவையே கூடாது என்றும் சொல்லவில்லை. குடிமகன் சரிபார்க்க முடியாத இயந்திரம் கூடாது என்றது. நெதர்லாந்து அதற்கு முன்பே கைவிட்டிருந்தது. அயர்லாந்து ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து வாங்கிய இயந்திரங்களை, 2002 இல் சில தொகுதிகளில் சோதனையாகப் பயன்படுத்தியதோடு நிறுத்திவிட்டு, 2012 இல் பழைய இரும்புக்குப் போட்டது.

நம் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் வேறு முடிவுக்கு வந்தது. நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா ஆகியோர் வாக்குச்சீட்டுக்குத் திரும்பும் கோரிக்கையையும் எல்லாச் சீட்டுகளையும் எண்ணும் கோரிக்கையையும் நிராகரித்தார்கள். வெறும் சந்தேகத்தின் மேல் ஒரு முறையைக் குலைக்க முடியாது என்பது அவர்களின் நியாயம். எங்கள் நாட்டு வாக்காளர் எண்ணிக்கைக்கு ஜெர்மனியை உவமை காட்ட முடியாது என்ற ஆணையத்தின் வாதத்திலும் பொருள் இருக்கிறது. ஆனால் ஜெர்மன் நீதிமன்றம் கேட்ட கேள்வி வாக்காளர் எண்ணிக்கையைப் பற்றியது அல்ல.

தோற்ற வேட்பாளர் பணம் கட்டி இயந்திரத்தைச் சோதிக்கலாம் என்றார்களே, என்ன ஆனது?
— வணிகர், சிவகாசி

அதே தீர்ப்பில் வந்த வழி அது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் கேட்டால், சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும். செலவு கேட்டவருடையது, மோசடி தெரிந்தால் திருப்பித் தரப்படும். ஆணையம், மூன்று கருவிகளும் சேர்ந்த ஒரு தொகுப்புக்கு வரியோடு ரூ.47,200 என்று விலை வைத்தது. அந்த மக்களவைத் தேர்தலில் விண்ணப்பித்த எட்டுத் தொகுதிகளில் உங்கள் விருதுநகரும் வேலூரும் உண்டு. ஆனால் ஆணையம் முதலில் வகுத்த முறையில் பழைய பதிவை அழித்துவிட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டுவதாக இருந்தது. பதிவை அழிக்காதீர்கள் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு நடைமுறை திருத்தப்பட்டது. தயாரித்தவரே தன் பொருளுக்குச் சான்று தருகிறார் என்ற குறை அதற்குப் பிறகும் அப்படியே இருக்கிறது.

சீட்டில் வேறு சின்னம் வந்ததாகப் புகார் சொன்னால் சிறையா?
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

இதைச் சொல்வது தேர்தல் நடத்தை விதிகளின் 49எம்ஏ விதி. நீங்கள் எழுத்தில் உறுதிமொழி கொடுத்த பிறகு, முகவர்கள் முன்னிலையில் சோதனை வாக்கு ஒன்றைப் போடச் சொல்வார்கள். சீட்டு சரியாக வந்தால் புகார் பொய் என்று வழக்குத் தொடரலாம், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் என்று இருந்தது. ஒருமுறை நடந்த பிழை அடுத்த முறை நடக்காமல் போகலாம் என்ற எளிய உண்மையை இந்த விதி கணக்கில் எடுக்கவில்லை. புகார்கள் குறைவு என்று பெருமைப்படுவதற்கு முன் இந்த விதியை ஒருமுறை படிக்கலாம்.

நீங்கள் எந்தக் கட்சி?
— பெயர் வேண்டாம், சேலம்

இந்த விஷயத்தில் எல்லாக் கட்சியும் ஒரே கட்சி. 2001 தேர்தலுக்கு முன் இயந்திரத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போன அதிமுக அந்தத் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தது. 2009 இல் தோற்ற பின் பாஜக தலைவர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். 2014க்குப் பிறகு அந்தச் சந்தேகம் காங்கிரசுக்கு மாற்றலாகிப் போனது. வென்ற ஊரில் இயந்திரம் நல்லது, தோற்ற ஊரில் கெட்டது என்று பேசுவதால்தான் நியாயமான கேள்வியும் எடுபடாமல் போகிறது.

கட்சியின் சாவடி முகவராக உட்காருகிறேன். எங்களால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?
— வாசகர், திருநெல்வேலி

நிறைய உண்டு. தலைவர்கள் மேடையில் பேசுவதைவிட உங்கள் கையில் இருக்கும் ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். குறைந்தது 50 வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடக்கும்; நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும் வாக்குப் போடச் சொல்லி, திரையில் வரும் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் ஒப்பிடுங்கள். பிறகு 'குளோஸ்', 'ரிசல்ட்', 'கிளியர்' என்ற வரிசையில் அழுத்தி அந்த வாக்குகளை நீக்க வேண்டும். மாதிரிச் சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் முத்திரையிட வேண்டும். 'டோட்டல்' அழுத்திப் பூஜ்யம் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். 2019 இல் ஆந்திராவின் மைதுகூர் தொகுதிச் சாவடி ஒன்றில் சீட்டும் இயந்திரமும் பொருந்தாமல் போனதற்குக் காரணம், தலைமை அலுவலர் மாதிரி வாக்குகளை நீக்க மறந்ததுதான். கட்டுப்பாட்டுக் கருவிக்குள் வைக்கும் பச்சைக் காகித முத்திரையில் நீங்களும் கையெழுத்திட உரிமை உண்டு. அதன் வரிசை எண்ணையும் கருவியின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் படிவம் 17சி இல்லாமல் சாவடியை விட்டு வராதீர்கள். எத்தனை வாக்கு பதிவானது என்பதைத் தலைமை அலுவலர் கையெழுத்திட்டுத் தரும் கணக்கு அது. கேட்காமலே தர வேண்டியது. 2024 முதல் கட்டத் தேர்தலின் இறுதி வாக்குப்பதிவு 66.14 சதவீதம் என்று அறிவிக்க ஆணையம் ஏப்ரல் 30 வரை எடுத்துக்கொண்டபோது, இடையில் வாக்குகள் கூடிவிட்டதா என்று நாடே பேசியது. ஒவ்வொரு சாவடியின் 17சி நகலும் கையில் இருந்த கட்சிகள் கூட்டிப் பார்த்து ஒரே நாளில் விடை சொல்லியிருக்கலாம். எந்தக் கட்சியும் நாடு முழுவதற்கும் சொல்லவில்லை. அந்தப் படிவங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் பதிவேற்ற மறுத்த ஆணையத்துக்கும் நல்ல பெயர் கிடைக்கவில்லை.

எண்ணும் நாளில் மேசைக்கு வரும் கருவியின் எண்ணும் முத்திரையும் நீங்கள் குறித்ததுதானா, திரையில் வரும் மொத்தமும் 17சி மொத்தமும் ஒன்றா என்று பாருங்கள். பிழை பெரும்பாலும் இயந்திரத்தில் இருப்பதில்லை, கூட்டலில்தான் இருக்கும். அரியானாவின் பானிப்பட் மாவட்டம் புவானா லாக்கு ஊராட்சித் தலைவர் தேர்தல் 2022 நவம்பரில் நடந்தது. உச்ச நீதிமன்றம் இயந்திரங்களைத் தில்லிக்கே வரவழைத்து எண்ணச் செய்ததில், தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் 51 வாக்கு அதிகம் பெற்றிருந்தது தெரிந்தது. அதற்குள் 2025 ஆகஸ்ட் ஆகிவிட்டது. உங்கள் மாவட்டத்தின் ராதாபுரம் இன்னும் மோசம். 2016 இல் வித்தியாசம் 49 வாக்கு. தகராறு தபால் ஓட்டுகளைப் பற்றி. 2019 இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறு எண்ணிக்கை நடந்தும், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது.

ஆகவே வழக்கை நம்பிப் பயனில்லை, மேசையிலேயே கேட்க வேண்டும். வித்தியாசம் சிறிதாக இருந்தாலோ ஏதாவது ஒரு சாவடியின் எண் பொருந்தவில்லை என்றாலோ, சீட்டுகளை எண்ணும்படி 56டி விதியின்கீழ் உங்கள் வேட்பாளர் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுக்கலாம். எந்தச் சாவடி, என்ன வேறுபாடு, உங்கள் குறிப்பில் என்ன எண் இருக்கிறது என்று காரணத்தோடு எழுதுங்கள். மொட்டையாகச் 'சந்தேகம்' என்று எழுதினால் தள்ளிவிடுவார். கணக்கு வாசிக்கப்பட்ட பிறகு, வெற்றி அறிவிக்கப்படுவதற்கு முன் அந்த மனு அவர் மேசையில் இருக்க வேண்டும். மறுத்தால் மறுப்பதற்கான காரணத்தையும் அவர் எழுதித் தர வேண்டும். அதன் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.